ஆத்தா பொறுப்பு

ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு ஆற்றங்கரையில், நஞ்சாயி என்று ஒருத்தி இருந்தாள். எந்த ஊர் என்று கேட்காதீங்க, நீங்க போகப் போறதில்லை. ஆறு அகலமான ஆறு. எதையோ யோசித்துக்கொண்டே நடக்கிறவள் மாதிரி மெதுவாகப் போகும். வெயில் நாளில் பார்த்தால் அது ஓடுகிறதா, படுத்திருக்கிறதா என்றே தெரியாது.

நஞ்சாயியின் வீட்டுக்காரர் பேர் மாதையன், வளையல்காரர். கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்து, சரம் சரமாகத் தோளில் போட்டுக்கொண்டு, ஆற்றைத் தாண்டி மலையூர்களுக்குப் போய் விற்றுவிட்டு வருவார். அவர் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். கிலுக் கிலுக் கிலுக் என்று சத்தம் வரும். சத்தம் கேட்டதும் நஞ்சாயி உலை வைப்பாள். அவர் வந்து, கால் கழுவி, இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக் கொஞ்சி முடிப்பதற்கும் சோறு வேகுவதற்கும் சரியாக இருக்கும். இவ்வளவுதான் அவர்கள் வாழ்க்கை. நல்லா இருந்தது.

அப்புறம், ஆற்றைக் கடக்க ஒரு துறை இருந்தது. துறைக்குச் சொந்தக்காரன் ராக்கியப்பன். இந்தக் கரையில் ஒரு மருத மரம், அந்தக் கரையில் ஒரு மருத மரம், இரண்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு கயிறு. பரிசலில் ஏறி உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து நாமே அக்கரை போய்க்கொள்ள வேண்டும். ராக்கியப்பன் கூட வரமாட்டான். கரையில் கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்து கூலியை வாங்கி மடியில் கட்டிக்கொள்வான், அதுதான் அவன் வேலை. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தான். பரிசலில் கால் வைக்கும் முன்னால் குனிந்து தண்ணீரைத் தொட்டு, "ஆத்தா பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். ஆத்தா என்றால் ஆறு, அந்தப் பக்கம் ஆற்றை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொல்லாதவர்களை ஏற்றமாட்டான். கைப்பிள்ளைக்கு அம்மா சொல்ல வேண்டும். ஆட்டுக்கு ஆட்டுக்காரன் சொல்ல வேண்டும். ஜனங்கள் அதை ஏதோ சாமி கும்பிடுவது என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எதுக்கு என்று யாரும் யோசிக்கலை.

பரிசல் என்பது வேறொன்றுமில்லை, பெரிய மூங்கில் கூடை, அடியில் தோல். ஆடியில் புதுத்தண்ணீர் வருவதற்கு முன்னால் வருஷா வருஷம் தோலை மாற்றித் தார் பூச வேண்டும். தார் வேலை லேசுப்பட்டதில்லை. கொதிக்கக் கொதிக்கப் பூச வேண்டும், நாற்றம் குடலைப் பிடுங்கும், பூசினவன் கை ஒரு மாசத்துக்குக் கறுப்பாகவே இருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. அந்த வருஷம் ராக்கியப்பன் வீட்டுக்கு மேல் மாடி கட்டிக்கொண்டிருந்தான். "இந்த ஒரு வருசம் போகட்டும்" என்றான். பரிசலைக் கவிழ்த்துப் பார்த்தால் தோலில் ஓட்டை. என்ன பண்ணினான், களிமண்ணை எடுத்தான், அடுப்புக்கரியைப் போட்டுப் பிசைந்தான், ஓட்டையில் அப்பி விளக்கெண்ணெய் விட்டுத் தேய்த்தான். தார் மாதிரியே பளபள என்று இருந்தது. தார் பூசினவன் கை மாதிரித் தெரியட்டும் என்று தினமும் தன் கையிலும் கரியைத் தேய்த்துக்கொண்டான். யார் பார்த்தது? ஒரு கொக்கு பார்த்தது, ஒரு ஆடு பார்த்தது, ஆறு பார்த்தது. மனுசங்க யாரும் பார்க்கலை.

ஒரு நாள் காலையில் சாரல். ஆறும் வானமும் ஒரே நிறம், எது எங்கே முடிகிறது என்று தெரியாது. மாதையன் வளையல்களோடு வந்தார். கூலி கொடுத்தார். குனிந்து தண்ணீரைத் தொட்டு "ஆத்தா பொறுப்பு" என்றார். ஏறினார். இழுத்தார். சாரலுக்குள் போய்விட்டார். கரையில் இருந்தவனுக்கு வளையல் சத்தம் மட்டும் கேட்டது. கிலுக் கிலுக் என்று கேட்டது, இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிலுக் என்று கேட்டது, அப்புறம் கேட்கலை.

நஞ்சாயி உலைப்பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் காது கொடுத்துக்கொண்டே இருந்தாள். முதல் நாள் இருந்தாள். இரண்டாம் நாள் இருந்தாள். மூன்றாம் நாள் கீழ்த்துறைக்காரர்கள் மாதையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோளில் ஒரு வளையல்கூட இல்லை. பரிசலும் கிடைக்கலை, முங்கிப்போச்சு.

சாவு வீட்டுக்கு ராக்கியப்பனும் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, "ஆத்தா கூட்டிக்கிட்டா, என்ன பண்ண" என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது வாசலில் இருந்த தொட்டியில் கை கழுவினான். நஞ்சாயி அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அழுகிறவளுக்கும் கண் இருக்கும். ராக்கியப்பனின் கறுத்த கை, தண்ணீர் பட்டதும் வெளுத்தது. தொட்டித் தண்ணீரில் கரி மிதந்தது.

தார் பூசின கை வெளுக்காது. இது கரை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நஞ்சாயி அழுகையை நிறுத்தினாள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் ராக்கியப்பனிடம் போய், "ஏனுங்க துறைக்காரரே, பரிசலுக்கு இந்த வருசம் தார் பூசினீங்களா" என்று கேட்டாள்.

"பூசாம இருப்பனா அம்மணி."

"கை வெளுத்துப் போச்சுங்களே."

அவன் கையை மடியில் ஒளித்துக்கொண்டான். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு மூட்டை ராகி வந்தது, கூட ஒரு ஓலை. 'ஆற்றால் வந்த சாவு, ராக்கியப்பனுக்குச் சம்பந்தமில்லை' என்று எழுதியிருந்தது, கைநாட்டு வைத்தால் மூட்டை அவளுக்கு. நஞ்சாயி மூட்டையைத் திருப்பி அனுப்பினாள். மறுநாள் ஒரு பசு மாடு வந்தது, அதே ஓலை. மாட்டுக்குத் தண்ணி காட்டித் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் நாள் மாடும் ராகியும் சேலையும் சேர்ந்து வந்தன, அதே ஓலை. அதையும் திருப்பினாள்.

பக்கத்து வீட்டு மாரக்கா வந்து உட்கார்ந்தாள். "ஏன்டி, வீட்டுல அரிசி இல்ல, ரெண்டு புள்ளைங்க. வாங்கிக்கிட்டா என்ன? போனவரு திரும்பி வரப்போறாரா?"

"வரமாட்டாருக்கா. அதுக்குத்தான் கேக்கறேன்."

"என்னதான்டி வேணும் உனக்கு?"

"என் பொறுப்புன்னு அவன் வாயால சொல்லணும். சொல்லிட்டு ஈடு குடுக்கணும். சொல்லாம குடுக்கறது பிச்சை."

"நல்ல ரோசம்டி. கூழ் காச்ச ஆகாது" என்று மாரக்கா எழுந்து போனாள். போனவள் அரை மணி கழித்து ஒரு சட்டி கூழோடு வந்தாள், அது வேற விஷயம்.

அப்புறம் நஞ்சாயி ராஜாவிடம் போனாள்.

அந்த ராஜா ஒரு மாதிரி. எப்போதும் ஊஞ்சலில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருப்பார். ஆனால் மூடினபடியே எல்லாம் கேட்பார். ஊஞ்சல் முன்னால் வரும்போது நம் பேச்சு, பின்னால் போகும்போது அவர் கனவு, இரண்டையும் கலந்துதான் தீர்ப்பு சொல்லுவார் என்று பேச்சு. நஞ்சாயி நடந்ததைச் சொன்னாள். ராக்கியப்பனும் வந்திருந்தான்.

"மகாராசா, அந்த மனுசனே குனிஞ்சு தண்ணியத் தொட்டு 'ஆத்தா பொறுப்பு'ன்னு சொன்னாருங்க. இருபது பேரு தினமும் சொல்றதுங்க. அவரு வாயால ஒத்துக்கிட்டதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்றான் அவன்.

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் ராஜா.

"இவரு கையில கரிங்க, தார் இல்லைங்க. கழுவினா போச்சு, நான் பாத்தேன்."

"நீ மட்டும் பாத்தா போதாதே. பரிசல யாரு பாத்தா?"

"ஆத்தா பாத்தா."

ராஜா ஊஞ்சலில் இரண்டு தடவை ஆடினார். "இவன் ஆத்தாதான் குத்தவாளிங்கறான். நீ ஆத்தாதான் சாட்சிங்கறே. எப்படிப் பாத்தாலும் அவ வந்தாத்தான் ஆகும். ஆத்தாவக் கூட்டிட்டு வாங்க."

அரண்மனையில் எல்லோரும் சிரித்தார்கள். ராக்கியப்பன் ரொம்பச் சிரித்தான். ஆறு எப்படிங்க வரும் என்று கேட்கறீங்க, அவங்களும் அதைத்தான் கேட்டார்கள். ராஜா கேட்கலை. அவருக்குக் கனவில் ஆறு, மலை, யானை எல்லாம் வந்து போய்க்கொண்டுதான் இருக்கும்.

முதல் நாள் ஒரு சேவகன் ஓலை கொண்டு போனான். "ஆற்றுக்கு ராஜா உத்தரவு" என்று கத்திவிட்டு ஓலையைத் தண்ணீரில் போட்டான். அது மிதந்துகொண்டே போய் வளைவில் மறைந்தது. ஆறு வரலை.

இரண்டாம் நாள் ஒரு கொக்கிடம் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்குப் பார்த்த அதே கொக்குதான். கொக்கு ஆற்றுக்குப் போனது, அங்கே ஒரு மீனைப் பார்த்தது, எதுக்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டது. ஆறு வரலை.

மூன்றாம் நாள் நஞ்சாயியே போனாள். உச்சி வெயில். ஆற்றின் மேல் கானல் ஆடியது, எதிர்க்கரை மரங்கள் தரையில் இல்லாமல் அந்தரத்தில் நின்றன. ராக்கியப்பன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நஞ்சாயி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். கும்பிடலை, அழலை.

"ஆத்தா, எங்கூட்டுக்காரர் வளையல் உங்கிட்ட இருக்குதா?"

அப்புறம் காலுக்கடியில் மணல் அசைந்தது. தண்ணீர் பேசினது. தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி இருந்தது குரல்.

"இருக்குது புள்ள."

"வந்து சொல்லுவியா?"

"நான் எழுந்திரிச்சா ஊர் தாங்காது. படுத்தே பழகிட்டேன்."

"மெதுவா வா. ஒரு ஆள் அளவுக்கு வந்தாப் போதும்."

"என்னைப் பழி சொல்றாங்களா?"

"தினமும் இருபது பேரு சொல்றோம் ஆத்தா. நானும் சொல்லியிருக்கேன், தெரியாம."

"கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்" என்றது ஆறு. "நீ போ. நான் வர்றேன்."

நஞ்சாயி கரையேறி, ஈரச்சேலையோடு திரும்பிப் பார்க்காமல் அரண்மனைக்கு நடந்தாள். என்னதான் ஆகுது பார்க்கலாம் என்று ராக்கியப்பனும் பின்னாலேயே போனான். அவள் கால்தடத்தில் எல்லாம் தண்ணீர் ஊறியது. ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நூல் மாதிரி ஓடியது. தெருவழியே ஓடியது, சந்தைவழியே ஓடியது, கோட்டைவாசல் படியில் ஏறியது. தண்ணீர் மேட்டில் ஏறுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அன்றைக்கு ஏறினது. காவல்காரன் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழிவிட்டான்.

அரண்மனைக்குள் முதலில் சத்தம் வந்தது. கிலுக் கிலுக் கிலுக்.

நஞ்சாயி ஒரு நொடி உலை வைக்கத் திரும்பினாள், அப்புறம் எங்கே நிற்கிறோம் என்று ஞாபகம் வந்து நின்றாள்.

அப்புறம் ஆறு உள்ளே வந்தது. பொம்பளை மாதிரிதான் இருந்தாள். பச்சையா, பழுப்பா என்று சொல்ல முடியாத ஒரு சேலை, அதன் ஓரம் முடியவே இல்லை, வாசலைத் தாண்டித் தெருவைத் தாண்டி ஆறுவரைக்கும் போனது. முடியில் சின்ன மீன்கள் நீந்தின. இரண்டு கையிலும், மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும், மாதையனின் வளையல்கள். சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை. அரண்மனையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ராஜாவின் ஊஞ்சல் தண்ணீரை உரசி உரசி ஆடியது. அவள் பின்னாலேயே அந்தப் பரிசல் மிதந்து வந்து வாசல்படியில் முட்டி நின்றது. ஓட்டை இருந்த இடத்தில் வண்டல் அடைத்திருந்தது, அதனால்தான் மிதந்தது.

யாரும் சிரிக்கலை.

"இந்தக் கையில இருக்கற எதுக்கும் நான் காசு குடுக்கல" என்றாள் ஆறு. "வளையல்காரரும் உயிரோட மேல வரல. எனக்கே கூச்சமா இருக்குது. கேளுங்க, சொல்றேன்."

ராக்கியப்பன் முந்திக்கொண்டான். "ஆத்தா, நீயே சொல்லு. அவரு உன் பொறுப்புன்னு சொல்லிட்டுத்தான ஏறினாரு?"

"ஆமா. சொன்னாரு."

"கேட்டீங்களா மகாராசா."

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள் ஆறு. "துறை யாருது?"

"என்னுதுதான். எங்க அப்பாரு காலத்துலருந்து."

"பரிசல்?"

"என்னுது."

"வாங்கற கூலி?"

"அதுவும் என்னுதுதான். இதென்ன கேள்வி."

"துறை உன்னுது, பரிசல் உன்னுது, கூலி உன்னுது. செத்தவரு மட்டும் என்னுதா?"

ஊஞ்சல் நின்றது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ராஜா இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்தார். பெரிய கண்கள். பார்த்தவர்களுக்குப் பயமாக இருந்தது.

"ராக்கியப்பா, பரிசல் நல்ல பரிசலா?"

"நல்ல பரிசலுங்க. தார் பூசினதுங்க."

"அப்ப அதுல ஏறு. ஆத்தா இங்கயே ஒரு ஓரமா ஆழமா நிப்பா. அடியில இருக்கற வண்டலத் துடைச்சுட்டு, நீ பூசினத மட்டும் வெச்சுக்கிட்டு, போயிட்டு வா."

ராக்கியப்பன் பரிசல்கிட்டே போனான். காலைத் தூக்கினான், கீழே வைத்தான். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"மாதையனுக்கும் தெரியாது" என்றாள் நஞ்சாயி.

இரண்டாம் தடவை தூக்கினான், வைத்தான். "இன்னிக்கு எனக்கு நாள் சரியில்லைங்க."

"அவருக்கும் சரியில்லாமத்தான் இருந்திருக்குது."

மூன்றாம் தடவை காலைத் தூக்கினான். பரிசல் விளிம்புவரை போனது கால். குனிந்து தண்ணீரைத் தொட்டான், பழக்கதோஷம். "ஆத்தா பொறு..." என்று ஆரம்பித்து ஆற்றின் முகத்தைப் பார்த்தான். அவள் கையில் வளையல் அசைந்தது. அவன் காலைப் பின்னால் எடுத்துவிட்டான்.

"தாங்காதுங்க" என்றான்.

"ஏன் தாங்காது?" என்றார் ராஜா.

"மண்ணுங்க. மண்ணும் கரியும். தார் இல்லைங்க."

"அப்ப யார் பொறுப்பு?"

அவன் நஞ்சாயியைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். "என் பொறுப்பு."

"எனக்குக் கேக்கல" என்றாள் நஞ்சாயி.

"என் பொறுப்பு அம்மணி."

"வாசல்ல நிக்கற புள்ளைங்களுக்குக் கேக்கல."

அவன் தலை நிமிர்ந்தான். "என் பொறுப்பு."

இப்போது கேட்டது.

ராஜா நஞ்சாயியிடம், "ஈடு கேளும்மா. அவருக்கு எது ஈடு?" என்றார்.

"ஈடுன்னு ஒண்ணு இல்லைங்க" என்றாள் நஞ்சாயி. "இருந்தாலும் குடுங்க."

ராஜாவுக்கு அது புரிந்தது. துறையையும் துறைக்கூலியையும் நஞ்சாயிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் எழுதிக்கொடுத்தார். கட்டி முடிக்காத மாடியைப் பிரித்து விற்று அவளுக்கு வீடு கட்டிக்கொடுக்கச் சொன்னார். அப்புறம் ராக்கியப்பனுக்கு ஒரு வேலை கொடுத்தார். வருஷா வருஷம் தார் அவன்தான் பூச வேண்டும், கொதிக்கக் கொதிக்க. பரிசலில் யார் ஏறினாலும் அவனும் கூட ஏறி அக்கரைவரை போய்த் திரும்ப வேண்டும். மழையோ, வெயிலோ, ஒரு ஆட்டுக்குட்டி மட்டும் போனாலும் சரி. ஏறுகிறவர்கள் எதுவும் சொல்ல வேண்டாம். ராக்கியப்பன்தான் குனிந்து தண்ணீரைத் தொட்டு, "என் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். ஆட்டுக்குட்டிக்கும் சொல்ல வேண்டும். சொன்னான். சாகிறவரைக்கும் சொன்னான். அவன் கை அப்புறம் வெளுக்கவே இல்லை.

ஆறு கிளம்பும்போது வளையல்களைக் கழற்றி நஞ்சாயியிடம் நீட்டினாள். நஞ்சாயி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கிளிப்பச்சை வளையல் மட்டும் இரண்டு எடுத்து, ஆற்றின் கையில் கைக்கு ஒன்றாகத் திரும்பப் போட்டுவிட்டாள்.

"எதுக்கு புள்ள?"

"நீ வந்து சொன்னதுக்கு."

ஆறு சேலையைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே போனாள். படியில் இறங்கி, சந்தையில் இறங்கி, தெருவில் இறங்கி, தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். ராஜா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஊஞ்சலை ஆட்டினார். தரை காய மூன்று நாள் ஆனது.

மாதையன் திரும்பி வந்தாரா என்று கேட்பீங்க. வரலை. கதை என்றால் வந்துவிட வேண்டுமா? வரலை. ஆனால் ஆடியில் புதுத்தண்ணீர் வந்து பாறையில் மோதும்போது, தண்ணீருக்குள்ளிருந்து கிலுக் என்று ஒரு சத்தம் வரும். நஞ்சாயி துறையில் இருந்து அதைக் கேட்பாள். கேட்டதும் எழுந்து வீட்டுக்குப் போய், பிள்ளைகளுக்கு உலை வைப்பாள்.

பரிசலும் கரைக்கு வந்தாச்சு, கதையும் கரைக்கு வந்தாச்சு, இறங்கிப் போங்க. போகும்போது ஒன்று கேட்டுட்டுப் போங்க. இனிமேல் யாராவது எதிலாவது ஏறச் சொல்லி, ஏறும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், அந்த வார்த்தை யாரைக் காப்பாற்றுகிறது என்று கேட்டுவிட்டு ஏறுங்க.